முட்டியைப் பார்த்து ஆளைச் சொல்கிறவர்

எங்கள் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த அக்காவுக்கு மனிதர்களின் முகம் மனசில் நிற்காது. மறதி என்று சொல்ல மாட்டேன். மறப்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அவர் பார்ப்பதே இல்லை. கதவைத் திறந்து வருகிறவரின் கால் எப்படி ஊன்றுகிறது, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, பையை எந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறார் என்று கண் கீழேயே மேய்ந்துகொண்டிருக்கும். கழுத்துக்கு மேலே ஒரு தலை இருக்கிறது என்பது, டாக்டர் சீட்டில் மண்டையோட்டுப் படம் என்று எழுதி வந்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

ஆனால் எலும்பு மறக்காது. ஒரு தடவை படம் எடுத்துவிட்டால் போதும், ஐந்து வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார்.

ஒரு நாள் மாலை நாங்கள் இருவரும் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு ஆள் ஓடிவந்து, "அக்கா! எப்படி இருக்கீங்க?" என்று வாயெல்லாம் பல்லாக நின்றார். அக்கா, வழி கேட்க வந்தவரிடம் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு சிரித்தார். "என்னைத் தெரியலையா? நாலு வாட்டி உங்ககிட்ட வந்திருக்கேனே" என்று அவர் கொஞ்சம் வாடிப்போனார். அக்கா காப்பாற்றச் சொல்லி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. சங்கடமாக நின்ற மனிதர் நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான்.

"அட, நீங்களா! திருமுடிவாக்கம்! மிஷின்ல கை மாட்டினவர்! மோதிர விரல், நடுக்கணு!"

சொல்லிவிட்டு அந்த விரலைப் பிடித்து, திருப்பி, என் கண்ணுக்கு நேராக நீட்டினார். "பாரும்மா, எவ்ளோ அழகா கூடியிருக்கு. நான் பயந்துட்டு இருந்தேன், வளைஞ்சு போயிடுமோன்னு." கத்தரிக்காய்க்காரம்மாவும் எட்டிப் பார்த்தார். அந்த மனிதருக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். தன் விரலுக்கு இப்படி ஒரு ரசிகை இருப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கல்யாணக் கதையையும் அவரே சொல்லியிருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளையின் மூக்கையும் நிறத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, காபித் தட்டோடு வந்த இவர் நேராக, "சின்ன வயசுல எங்கேயாவது விழுந்தீங்களா? இடது பக்கம் காலர் எலும்பு கொஞ்சம் ஏத்த இறக்கமா கூடியிருக்கு" என்று கேட்டுவிட்டாராம். கூடம் கப்சிப். மாப்பிள்ளை மட்டும் ஆச்சரியமாகப் பார்த்து, "ஆமாங்க, மாமரம். எங்க அம்மாகிட்டயே மறைச்சுட்டேன்" என்றாராம். மாமியார் அந்த இடத்திலேயே மகனை ஒரு முறை முறைத்தாராம். இன்றைக்கும் தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்தில் கணவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இறங்கின தோளைத்தான் தேடுவேன் என்பார். அவர்கள் சர்ச்சில் போதகர் மாறி மூன்று வாரம் கழித்துத்தான் இவருக்கு விஷயமே தெரிந்தது. அதுவும் புதியவர் நடை வேறு மாதிரி இருக்கிறதே என்று யோசித்ததால்.

நான் கிண்டல் செய்தால், "முகத்துக்குப் பவுடர் போடலாம்மா. முட்டிக்குப் போட முடியுமா?" என்பார்.

நான் அந்தச் சென்டரில் ரிசப்ஷனில் இருந்தேன். பெயர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, "இன்னும் எவ்ளோ நேரம்" என்று கேட்கிறவர்களிடம் "அஞ்சு நிமிஷம்" என்று பொய் சொல்வது, இவைதான் என் வேலை. சென்டர் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டியது. எக்ஸ்ரே அறைக்குப் போக மூன்று படி ஏற வேண்டும். கால் உடைந்தவர்கள் ஏறிப்போக வேண்டிய இடத்துக்குப் படி வைத்த புண்ணியவான் யார் என்று தெரியாது. ஆனால் அக்காவுக்கு அந்தப் படிகள்மேல் உயிர். வாசலில் நின்றுகொண்டு, ஏறி வருகிறவரின் காலைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

இப்போது நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அங்கே கேமரா முகத்தைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். ஒவ்வொரு காலையும் அந்தக் கேமரா முன்னால் நிற்கும்போது அக்கா ஞாபகம் வரும். அந்த வாசலில் அவரைக் காவலுக்கு வைத்தால் எல்லாரையும் நாலடி நடக்கவிட்டுப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்.

எங்கள் சென்டருக்குப் புது டிஜிட்டல் பேனல் வந்த நாள் அக்காவுக்குத் தீபாவளியும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. அதுவரை படம் பதிகிற கேசட் தட்டை நோயாளிக்குப் பின்னால் வைத்து எடுத்து, அதைக் கொண்டுபோய் இன்னொரு மிஷினுக்குள் செருகி, அது கரகரவென்று படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். புதுப் பேனல் ஒரு பெரிய சிலேட்டு அளவு. ஒயர் கிடையாது. எடுத்தவுடன், நோயாளி பிடித்த மூச்சை விடுவதற்குள், படம் திரையில் வந்து நிற்கும். முன்பைவிடக் குறைந்த கதிரே போதும், படமோ முன்பைவிடத் தெளிவு. பழைய படத்தில் எலும்பு ஒரு சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். இதில் எலும்புக்குள்ளே ஓடுகிற மெல்லிய வரிகள்கூடத் தெரிந்தன.

"இத்தனை நாள் தெருவுல நின்னு வீட்டைப் பாத்தேன். இப்போ உள்ள போய் ரூம் ரூமா பாக்கறேன்மா" என்றார். அன்று முழுவதும் அவர் கண் கலங்கியபடியே இருந்தது. கேட்டால் ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

கற்றுக்கொடுக்க வந்த கம்பெனி இன்ஜினியர், "மேடம், இதைக் கீழ மட்டும் போட்டுடாதீங்க. போட்டா நீங்களும் கூடவே விழுந்துடறது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். மெத்தென்ற துணி ஒன்றைத் தைத்துப் போர்த்தினார். அதன் பக்கத்தில் யாரும் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது, உரக்கத் தும்மக்கூடக் கூடாது.

பாதத்தை நின்றபடி எடுக்க வேண்டும் என்றால் பேனலைத் தரையில் படுக்க வைத்து, மேலே கெட்டியான கண்ணாடி போன்ற பலகையைப் போட்டு, நோயாளியை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்வார். ஒருவரும் ஏற மாட்டார்கள். "இவ்ளோ படிச்ச மிஷின் மேல காலை வைக்கறதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எப்படியோ ஏற்றிப் படம் எடுத்தால், இறங்கியதும் குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மறைமலை நகர் தொழிற்சாலை ஆளும் அப்படித்தான், சேலையூர் கல்லூரிப் பெண்ணும் அப்படித்தான். அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வாரம் போயிருக்காது, துணி மடிக்கும்போது அவர் கால் பேனலில் லேசாக இடித்தது. சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்தால் நான் நிற்கிறேன். "சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

இவ்வளவு நல்ல பேனலோடு இன்னொரு சௌகரியமும் வந்தது. அதில்தான் நாங்கள் இடறி விழுந்தோம்.

பழைய மிஷினில் அக்கா ஒவ்வொருவரின் சீட்டையும் கையில் பிடித்துக்கொண்டு, பெயர், இனிஷியல், வயது, ஊர் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்து, "நீங்கதானே?" என்று கேட்டு, அவரே டைப் செய்ய வேண்டும். புதியதில் அந்தத் தொல்லை இல்லை. நான் ரிசப்ஷனில் போடுகிற பெயர்கள் அவர் திரையில் வரிசையாக வந்து நிற்கும். விரலால் ஒன்றைத் தொட்டால் போதும், எடுக்கிற படம் அந்தப் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை எங்கள் சென்டர் கோயம்பேடு மார்க்கெட் மாதிரி இருக்கும். இரண்டு செல்விகள் வந்தார்கள். ஒருவர் கோவளத்துக்காரர். விடிகாலையில் மீன் வாங்கிக் கூடையோடு பஸ் ஏறி வந்து தாம்பரம் மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து விற்பவர். இன்னொருவர் இராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்து வந்த பேங்க் அம்மா. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது, ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம். இருவருக்கும் முட்டி வலி, இருவருக்கும் ஒரே படம்: இரண்டு முட்டியும், நின்றபடி.

மீன்கார செல்வி முதலில் வந்தார். பெயரைப் போட்டேன். பின்னாலேயே பேங்க் செல்வி. அவரையும் போட்டேன். நடுவில் இரண்டு போன் வந்தது. திரும்பிப் பார்த்தால் செல்வி, செல்வி என்று இரண்டு வரி. எனக்கு ஒரே ஆளை இரண்டு தடவை போட்டுவிடும் நல்ல பழக்கம் உண்டு. அதே மாதிரி செய்துவிட்டேன் என்று நினைத்து மேலே இருந்ததை அழித்தேன். அடுத்த நிமிஷமே எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு மீன்கார செல்வியை மறுபடி போட்டேன். அவர் பெயர் இப்போது கீழே போய்விட்டது. உள்ளே அனுப்பிய சீட்டுகளோ பழைய வரிசையில் இருந்தன. அக்கா சரிபார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அக்கா சீட்டைப் பார்த்து "செல்வி" என்று கூப்பிட்டார். மீன்கார செல்வி போனார். அக்கா திரையில் மேலே இருந்த செல்வியைத் தொட்டார். பிறகு வழக்கம்போல் முட்டியைப் பார்த்தார். அடுத்து பேங்க் செல்வி. அதே கதை. முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால், மீன்கூடை தூக்கும் அம்மாவுக்கும் தங்கக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கும் நடுவில் அவருக்கு ஒரு கேள்வியாவது வந்திருக்கும். வரவில்லை. இவர் படம் அவர் பெயரிலும், அவர் படம் இவர் பெயரிலும் போய்ச் சேர்ந்தன.

சாயந்திரம் கிளம்பும்போது அக்கா ரொம்ப உற்சாகமாக இருந்தார். "இன்னிக்கு ஒரு முட்டி வந்துச்சும்மா! முட்டிச் சில்லு ரெண்டு துண்டு. உடைஞ்சது இல்ல, பிறவியிலயே அப்படி. ரொம்ப அபூர்வம். மத்தபடி ஒரு தேய்மானம் கிடையாது, இருபது வயசுப் பொண்ணு முட்டி!"

"யாரோடது?"

"யாருக்குத் தெரியும்? செல்வின்னு போட்டிருந்துச்சு."

நான் அப்போதே "எந்த செல்வி" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெருங்களத்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இருபது வருஷம் தலையில் மீன்கூடை சுமந்தவருக்கு முட்டி முழுக்கத் தேய்ந்திருக்கிறது என்று படம் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? ஏசியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு முட்டி புதுசு மாதிரி இருக்கிறது என்றால் அதுவும் நியாயமாகத்தானே இருக்கிறது? எலும்பு டாக்டரும் நம்பினார். கோவளத்து செல்வியிடம், கூடையைத் தூக்காதே, வலது முட்டியை மாற்றிவிடலாம் என்றார். இராஜகீழ்ப்பாக்கத்து செல்வியிடம், உங்களுக்கு ஒன்றுமே இல்லை, தினமும் நன்றாக நடங்கள் என்றார். ஒருவர் நல்ல முட்டியை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். மற்றவர் தேய்ந்த முட்டியோடு பார்க்கில் சுற்றிச் சுற்றி நடந்தார்.

ஒரு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை, மீன்கார செல்வி மறுபடி வந்தார். வியாழக்கிழமை ஆபரேஷன், அதற்கு முன்னால் நெஞ்சுப் படம் வேண்டுமாம். கூட வந்த மகன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். செல்வி கையில் பெரிய துணிப்பை, அதற்குள் பழைய படத்தின் கவர். மூன்று படியையும் கம்பியைப் பிடிக்காமல், என்னைத் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே ஏறினார்.

"மார்க்கெட்டாண்ட இருந்த எடத்தை எங்க நாத்தனாருக்கு குட்த்துட்டேன்மா. இனிமே வூட்ல குந்திகினு டிவி பாக்க வேண்டியதுதான். பேஜாரு."

வாசலில் நின்ற அக்கா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவரை வாங்கிப் படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். படத்தைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"இந்த முட்டி இப்படி ஏறாது" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

நெஞ்சுப் படத்தை எடுத்து முடித்து, செல்வியை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அக்கா என் மேஜைக்கு வந்தார். "போன மாசம் அந்த சனிக்கிழமைச் சீட்டெல்லாம் எடு." கம்பியில் குத்தி வைத்திருந்ததை எடுத்தேன். முதலில் கோவளம், அடுத்தது இராஜகீழ்ப்பாக்கம். திரையில் முதலில் எடுத்த படம் பேங்க் செல்வியின் பெயரில் இருந்தது. இரண்டு துண்டுச் சில்லு, தேய்மானம் இல்லாத முட்டி. நான் அழித்த வரி என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அதைச் சொல்லாமல் சீட்டுகளைத் திரும்பக் கம்பியில் குத்தினேன்.

"நான் மூஞ்சியே பாக்கலம்மா" என்றார் அக்கா. "ஒரு தடவை நிமிர்ந்து பாத்திருந்தா போதும்."

நேராக முதலாளி அறைக்குப் போனார். கதவு சாத்தவில்லை, எனக்கு எல்லாம் கேட்டது. எங்கள் சார் கெட்டவர் இல்லை. கணக்காக வாழ்கிறவர், அவ்வளவுதான்.

"இதுக்குப் பேர் தப்பு இல்லம்மா. டேட்டா கரெக்ஷன்" என்றார். "பேரை மாத்தி விட்டா முடிஞ்சுது. அந்தம்மாகிட்ட, புது மிஷின், இன்னொரு படம் எடுக்கணும்னு சொல்லுங்க. நல்ல முட்டி வரும். டாக்டரே ஆபரேஷன் வேணாம்னுடுவார். சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒரு மாசமா முட்டி போச்சுன்னு அழுதிருப்பாங்களே சார்."

"அது போன மாசம்."

"இன்னொரு செல்வி?"

"அவங்களுக்கும் இலவசப் பரிசோதனைன்னு ஒரு போன் போடலாம்." பிறகு சார் மெதுவாகச் சொன்னார். "இது வெளியே போச்சுன்னா ஒரு டாக்டரும் நமக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க. அப்புறம் உங்களை நான் இங்க வெச்சிருக்க முடியாது. யோசிச்சுக்கோங்க."

அக்காவின் மூத்த மகள் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். அவர் வெளியே வந்து தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். மறுபடி எடுத்துக் காலி டம்ளரைக் குடித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சார் சொன்னபடியே செய்துவிட மாட்டாரா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவருக்காக என்று அப்போது நினைத்தேன். எனக்காகத்தான்.

அக்கா போய் செல்விக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, உங்க படமும் இன்னொருத்தங்க படமும் மாறிப்போச்சு. மாத்தினது நான்தான். உங்க முட்டி நல்லா இருக்கு. அந்த ஆபரேஷன் உங்களுக்கு இல்ல."

செல்விக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"இன்னாம்மா சொல்ற நீ? நல்ல காலை அறுக்க நாள் குறிச்சுகினு குந்தியிருந்தேனா? எடத்த குட்த்துட்டேன், கூடைய குட்த்துட்டேன். எம்புள்ள லீவு போட்டுட்டு வந்து கீறான்! ராத்திரி பூரா என் முட்டியப் புட்ச்சுகினு அழுதேனே!"

"ஆமாம்மா. என் தப்பு."

"அப்போ வலிக்குதே, அது இன்னா?"

"உக்காந்து எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடிச்சுக்கறீங்க. அங்கேயிருந்து இறங்குற வலியா இருக்கலாம். டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். நானே கூட வந்து அவர்கிட்டயும் நடந்ததைச் சொல்றேன்."

செல்வி மூச்சு வாங்க அவரையே பார்த்தார். பிறகு கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அன்னிக்கு என் மூஞ்சிய நீ பாத்தியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா."

"இப்ப பாரு."

அக்கா நிமிரவில்லை. செல்வி அவர் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். மீன் அரிந்து அரிந்து தழும்பான விரல்கள். அந்த விரல்களின் பக்கம் அக்காவின் கண் போகப் பார்த்தது. "கைய இல்ல. மூஞ்சிய. நல்லா பாத்துக்கோ. இதான் நானு." அக்கா பார்த்தார். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்து எழுந்து, "அக்கா மேல மட்டும் தப்பு இல்ல. உங்க பேரை அழிச்சுட்டு மறுபடி போட்டது நான். வரிசை மாறினது தெரிஞ்சும் சொல்லல" என்றேன். சார் அறை வாசலில் வந்து நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் வா" என்றார் செல்வி. "நீயும் பாரு."

போய் நின்றேன். அந்த முகத்தில் கோபம் இருந்தது, பிழைத்துவிட்டோம் என்ற தெம்பும் இருந்தது. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நான் தினமும் நூறு முகம் பார்க்கிறவள். அன்றுதான் ஒன்றைப் பார்த்தேன் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"சரி, அந்த இன்னொரு பொம்பள யாரு? அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"அவங்க பேரும் செல்விதான். இனிமேதான் சொல்லணும்."

"இப்ப போடு போனை. என் முன்னாடியே போடு."

அக்கா போட்டார். செல்வி கேட்பதற்காக ஸ்பீக்கரில் வைத்தார். பேங்க் செல்வி எடுத்ததும் அக்கா அதே மாதிரி நேராகச் சொன்னார். படம் மாறிவிட்டது. மாற்றியது நான்தான். உங்கள் முட்டி நன்றாகத் தேய்ந்திருக்கிறது, இன்றே நடப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்போ எனக்கு வலிச்சது நிஜம்தானா?" என்று கேட்டது அந்தக் குரல். "ஒரு மாசமா வீட்ல எல்லாரும், படத்துல ஒண்ணும் இல்ல, நீதான் சும்மா சொல்றேன்னு... நானே அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்."

மீன்கார செல்வி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நெசம்தான் செல்வி. யாரு சொன்னாலும் நம்பாத. ஒன் முட்டிய ஒரு மாசமா நான்தான் வெச்சிருந்தேன். எவ்ளோ மோசமா கீதுன்னு எனக்குத் தெரியும்."

போனில் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. செல்வி கேட்டுக்கொண்டே நின்றார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.